ஆளுக்கேற்ற புற்றுநோய்ச் சிகிச்சை: நம் முன் உள்ள நான்கு வழிகளில் எது, எப்போது?

சென்ற சில மாதங்களில் எனக்கு வந்த கடிதங்களில் மூன்று, ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டன. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை அடுத்த ஃபீனிக்ஸிலிருந்து எழுதிய பெண்ணின் தாயாருக்கு வயது 71. கணையத்தில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது. அதே டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் ஓர் இளைஞருக்கு, இரண்டு சுற்றுச் சிகிச்சை முடிந்த பிறகும் லிம்ஃபோமா என்ற நிணநீர் மண்டலப் புற்றுநோய் திரும்பிவிட்டது. ஜோகன்னஸ்பர்கை அடுத்த லெனேசியாவில் ஒருவருடைய மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய். அவர் வாழ்நாளில் புகைபிடித்தறியாதவர். பெரிய மரபணுச் சோதனைக்குப் பணம் கட்டலாமா, புதிய மருந்தை ஆராயும் மருந்தாய்வில் சேரலாமா, இந்தியாவுக்குக் கூட்டிப்போகலாமா, அல்லது இங்கே டாக்டர் சொல்லும் கீமோவோடு நின்றுகொள்ளலாமா என்பதுதான் மூவரின் தவிப்பும்.

நான் டாக்டர் அல்ல. டர்பனில் 31 ஆண்டுகள் ஆய்வகத்தில் திசுக்களை மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றிக் கொடுத்த ஆள். நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் அவருடைய கட்டியை மட்டும் பார்த்த வேலை அது. ஆகவே எந்த மருந்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. நான்கு வழிகளையும் எந்தத் தராசில் வைத்து நிறுப்பது என்று மட்டும் சொல்ல முயல்கிறேன்.

அதற்கு முன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆளுக்கேற்ற சிகிச்சை என்றதும், தையற்காரர் நம்மை நிற்கவைத்து அளவெடுத்துத் தைத்துத் தரும் சட்டை நம் நினைவுக்கு வருகிறது. உண்மையில் இன்று அந்தப் பெயரில் கிடைப்பதில் பெரும்பகுதி, கடையில் ஏற்கெனவே தைத்து அடுக்கிவைத்திருக்கும் சட்டைகளில் நமக்குப் பொருந்துவது உண்டா என்று தேடும் வேலைதான். 1998இல் மார்பகப் புற்றுநோய்க்கு வந்த டிராஸ்டுசுமாப், 2001இல் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு வந்த இமாடினிப் ஆகியவை அப்படிப்பட்ட ஆயத்தச் சட்டைகள். கட்டியில் குறிப்பிட்ட அடையாளம் இருந்தால் பலன் தரும், இல்லையென்றால் தராது. ஒரே ஒருவருக்காகத் தைப்பது என்றால், நோயாளியின் சொந்த அணுக்களையே மாற்றிச் செலுத்தும் கார்-டி சிகிச்சையையும், அவரவர் கட்டியைப் படித்துச் செய்யும் தடுப்பூசி ஆய்வுகளையும் போன்ற சிலவற்றைத்தான் சொல்லலாம்.

## எதை வைத்து நிறுப்பது

முதலாவதும் முக்கியமானதுமான அளவுகோல், விடை வந்தால் என்ன மாறும் என்பது. சோதனையின் முடிவு ஆம் என்றால் எந்த மருந்து, இல்லை என்றால் எந்த மருந்து என்று டாக்டர் முன்கூட்டியே சொல்ல முடிந்தால் அந்தச் சோதனைக்குச் செலவிடலாம். இரண்டு விடைக்கும் ஒரே சிகிச்சைதான் என்றால், எவ்வளவு நவீனமான சோதனையாக இருந்தாலும் அது வெறும் காகிதம்.

இரண்டாவது காலம். கணையம், மூளை ஆகிய இடங்களின் புற்றுநோய்கள் காத்திருப்பதில்லை. ஒரு மாதத்தில் நோயாளியின் எடையும் நடமாட்டமும் குறைந்துவிட்டால், விடை கையில் வந்தபோது அதைத் தாங்க உடம்பு இருக்காது.

மூன்றாவது அளவுகோலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கோ அதுதான் முதலில் கண்ணில் படும். அது திசு. பயாப்ஸியில், அதாவது சோதனைக்காகக் கட்டியிலிருந்து கிள்ளி, எடுத்தது பாரஃபின் பிளாக் ஆகிறது: தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு பிளாஸ்டிக் கூடு, அதன் மேல் வெள்ளை மெழுகுக் கட்டி. ஊசி வழியாகக் கணையத்திலிருந்து எடுத்த திசு என்றால், மெழுகின் நடுவே நூல் துணுக்குபோல ஒரு மங்கிய கோடு தெரியும். அவ்வளவுதான் நம் கைம்முதல். அதை மைக்ரோடோம் என்ற சீவும் எந்திரத்தில் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றினால், ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்ததில் நான்கு பங்கு தடிமனுள்ள சீவல்கள் நாடாபோலத் தொடர்ந்து வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் அவற்றை மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் கண்ணாடிச் சில்லில் ஏந்த வேண்டும். பிளாக்கைக் கழற்றி மறுபடி பொருத்தும் ஒவ்வொரு முறையும் மேற்பரப்பைச் சமன்செய்வதற்காகச் சில சீவல்களைக் கழித்துத் தள்ள வேண்டியிருக்கும். இன்று ஒரு சோதனை, அடுத்த வாரம் இன்னொன்று, அதற்கடுத்த மாதம் மூன்றாவது என்று தவணையாகக் கேட்டால், சோதனைக்குப் போவதைவிடச் சமன்செய்வதற்கே திசு தீர்ந்துபோகும். தேவையானவற்றை ஒரே சீட்டில் கேட்பது இதனால்தான் முக்கியம்.

நான்காவது, முழுச் செலவு: மருந்து விலை மட்டுமன்றி மெடிக்கல் எய்டு என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தருவது போக நாம் கட்டும் பங்கு, பயணம், உடன் இருப்பவரின் சம்பள இழப்பு எல்லாம். ஐந்தாவது, சான்றின் வலு. எத்தனை பேரிடம் பார்த்தார்கள், கட்டி சுருங்கியதைச் சொல்கிறார்களா அல்லது ஆயுள் கூடியதைச் சொல்கிறார்களா என்று பிரித்துக் கேட்க வேண்டும். செய்தித்தாள் தலைப்புகளில் இவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

## முதல் வழி: இங்கேயே வழக்கமான சிகிச்சை, கேள்வியறிந்து செய்யும் ஓரிரு சோதனைகளுடன்

இதைப் பலர் பழைய சிகிச்சை என்று ஒதுக்குகிறார்கள். அது நியாயமில்லை என்பதே என் கருத்து. ஆளுக்கேற்ற சிகிச்சையில் மிகவும் உறுதியான பலன் தந்தவை பெரும்பாலும் இந்த வழிக்குள்ளேயே இருக்கின்றன.

குடல் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். மரபணுவில் நேரும் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்க்கலாம். கண்ணாடிச் சில்லில் அணுவின் கரு பழுப்பாகத் தெரிந்தால் புரதம் இருக்கிறது. பக்கத்தில் உள்ள நல்ல அணுக்கள் பழுப்பாக இருக்க, புற்றணுக்களின் கரு மட்டும் வெளிறி நீலமாக நின்றால் புரதம் தொலைந்துவிட்டது. தொலைந்தவர்களுக்கு, உடம்பின் எதிர்ப்பாற்றலையே கட்டியின் மேல் ஏவும் இம்யூனோதெரபி நன்றாக வேலை செய்கிறது. பரவிய குடல் புற்றுநோயில் இப்படிப்பட்டவர்களுக்கு அவ்வகை மருந்தான பெம்ப்ரோலிசுமாப் கொடுத்தபோது, நோய் மறுபடி முற்றுவதற்கான இடைவெளி கீமோவின் 8.2 மாதத்திலிருந்து 16.5 மாதமாக உயர்ந்ததை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் பரவிய குடல் புற்றுநோயாளிகளில் இந்தக் குறை உள்ளவர்கள் ஏறத்தாழ நூற்றில் ஐந்து பேர்தான்.

என் அத்தானுக்கு 2022இல் இதே கேள்வி எழுந்தது. நியூயார்க்கில் மலக்குடல் புற்றுநோய் இருந்த 12 பேருக்கும் டோஸ்டார்லிமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தால் கட்டி முழுக்க மறைந்துவிட்டது என்ற செய்தி அப்போதுதான் வந்திருந்தது. செய்தி உண்மை. அந்த 12 பேரும் மேலே சொன்ன புரதத்தை இழந்தவர்கள் என்பதும், அவர்களுக்கு நோய் தொலைவுக்குப் பரவியிருக்கவில்லை என்பதும் வாட்ஸ்அப்பில் வந்த வடிவத்தில் இல்லை. கோயில் மண்டபத்தில் பிரியாணி டிக்கெட் விற்று உறவினர்கள் பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். சாயச் சோதனை முதலில் செய்யப்படவே இல்லை. பிளாக்கைத் தேடி எடுத்துத் தர அந்த ஆய்வகத்துக்கு 19 நாட்கள் ஆயின. கடைசியில் சில்லை நானே நுண்ணோக்கியில் பார்த்தேன். நான்கு சாயமும் பழுப்பு. புரதம் இருக்கிறது, ஆகவே அந்த மருந்தால் அவருக்குப் பலன் இருக்க வாய்ப்பில்லை. சேர்ந்த பணம் வழக்கமான கீமோவின் பங்குக் கட்டணத்துக்கும் போக்குவரத்துக்கும் போயிற்று. இல்லை என்ற விடையும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும் என்பதை அன்றுதான் நான் வீட்டு ஆளாக நின்று பார்த்தேன்.

லெனேசியாக் கடிதத்துக்கும் இந்த வழியே பொருந்தும். புகைபிடிக்காதவர்களின் நுரையீரல் புற்றுநோயில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் அதிகம். ஐரோப்பிய வம்சாவளியினரைவிட ஆசியரிடம் அது இன்னும் அதிகம். மாற்றம் இருந்தால் கீமோவுக்கு முன்னரே மாத்திரை தொடங்கலாம். அப்படிப்பட்ட மாத்திரையான ஓசிமெர்டினிப் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்), அதே வகையின் பழைய மாத்திரைகள் தந்த 31.8 மாதத்துக்கு எதிராக 38.6 மாதம். இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. விடை வருவதற்குள் அவசரப்பட்டு இம்யூனோதெரபியைத் தொடங்கிவிட்டு, பிறகு ஓசிமெர்டினிப்புக்கு மாறினால் நுரையீரல் அழற்சி கடுமையாக வரும் ஆபத்து கூடுகிறது. ஆகவே அந்த அம்மாளுக்கு மூச்சு சீராக இருக்குமானால், இரண்டு வாரம் பொறுத்து விடையைப் பார்த்துத் தொடங்கலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னேன்.

மலிவானதும் பலரும் கேட்க மறப்பதுமான இன்னொரு சோதனை, டி.பி.டி. என்ற நொதிக்கானது. 5-எஃப்.யூ., கேப்சிடபின் ஆகிய கீமோ மருந்துகளை உடைக்கும் அந்த நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு வழக்கமான அளவே நஞ்சாகிவிடும். 2020இல் ஐரோப்பிய மருந்து முகமை இந்த மருந்துகளுக்கு முன் சோதனை செய்யப் பரிந்துரைத்தது. இது கட்டியைப் பற்றிய சோதனையன்று, ஆளைப் பற்றியது. ஆளுக்கேற்ற என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை.

மறைந்திருக்கும் சிக்கல்கள் இந்த வழியிலும் உண்டு. மெடிக்கல் எய்டு வைத்திருப்பவர்கள், எந்தத் திட்டமும் சட்டப்படி தந்தாக வேண்டிய கட்டாயக் குறைந்தபட்சப் பயன்கள், அதாவது பி.எம்.பி., எல்லாப் புற்றுநோய்க்கும் உண்டு என்று நம்பியிருக்கிறார்கள். 1998ஆம் ஆண்டின் 131ஆம் எண் மருத்துவத் திட்டங்கள் சட்டத்தின் கீழ் உள்ள விதி, உறுப்புகளில் வரும் கட்டிகளில் ‘சிகிச்சைக்கு உரியது’ எது என்று வரையறுக்கிறது: நோய் தோன்றிய உறுப்பைத் தாண்டாமல் இருக்க வேண்டும், தொலைவில் பரவியிருக்கக் கூடாது, மீட்க முடியாத சேதம் செய்திருக்கக் கூடாது, இவை பொருந்தாவிட்டால், குறிப்பிட்ட சிகிச்சையால் ஐந்தாண்டு உயிர்வாழ்வோர் 10 விழுக்காட்டுக்கு மேல் என்பது நன்கு நிறுவப்பட்டிருக்க வேண்டும். கடினமான புற்றுநோய்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் வாசற்படி இந்த வரிதான். மறுப்புக் கடிதம் வந்தால், டாக்டர் எந்த ஆய்வை மேற்கோள் காட்டினார் என்று பார்த்து, அந்த 10 விழுக்காட்டு வரியையே குறிப்பிட்டு மேல்முறையீடு எழுதுங்கள். மெடிக்கல் எய்டுகளைக் கண்காணிக்கும் மருத்துவத் திட்டங்கள் மன்றத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை.

அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. டர்பனில் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய மருத்துவமனையும் அடிங்டனும், பீட்டர்மாரிட்ஸ்பர்கில் கிரேஸ் மருத்துவமனையும் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் சுமையைத் தாங்குகின்றன. 2017இல் தென்னாப்பிரிக்க மனித உரிமைகள் ஆணையம், குவாசூலு-நட்டாலில் புற்றுநோய் மருத்துவர்களும் ரேடியேஷன் எந்திரங்களும் போதாததால் நோயாளிகளின் உரிமை மீறப்பட்டது என்று அறிக்கை வெளியிட்டது. மருந்துகளும் தாமதமாகவே வருகின்றன. டிராஸ்டுசுமாப் உலகில் வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தே இந்நாட்டு அரசுப் பட்டியலில் சேர்ந்தது; அதற்காகக் குரல்கொடுத்த ஈஸ்டர்ன் கேப் மாகாணத்து டொபேகா டாக்கி, அந்த மருந்து கிடைக்காமலேயே 2016இல் இறந்தார்.

## இரண்டாவது வழி: பெரிய மரபணுச் சோதனையும் அதற்கேற்ற மருந்தும்

ஒன்றிரண்டு கேள்விகளுக்குப் பதிலாக, நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே வீச்சில் படிக்கும் சோதனை இது. 2017 நவம்பரில் அமெரிக்க அனுமதி பெற்ற ஒரு சோதனை 324 மரபணுக்களைப் படிக்கிறது. இந்த வகைச் சோதனைகளுக்குப் பிளாக்கை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிவருவதும் உண்டு. கட்டணம் பல்லாயிரம் ராண்டு.

இதில் எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் உள்ள தூரத்தை இரண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்காவில் 2015இல் தொடங்கிய என்.சி.ஐ.-மேட்ச் ஆய்வில் ஏறத்தாழ 6,000 பேரின் கட்டிகளைப் படித்தார்கள். கைவைக்கத்தக்க மாற்றம் கிடைத்தது 37.6 விழுக்காட்டினருக்கு, அதற்குரிய மருந்துக் குழுவில் இடம் ஒதுக்கப்பட்டது 17.8 விழுக்காட்டினருக்கு மட்டும். ஒதுக்கப்பட்டவர்கள் எல்லாருக்கும் மருந்து வேலை செய்ததா என்பது அதற்கும் அடுத்த கேள்வி. பிரான்சில் ஷிவா என்ற ஆய்வு இன்னும் நேரடியானது: 195 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மரபணு பார்த்து மருந்தும் மறுபாதிக்கு டாக்டர் விருப்பப்படி வழக்கமான மருந்தும் கொடுத்தார்கள். நோய் முற்றாமல் இருந்த காலம் முறையே 2.3 மாதமும் 2.0 மாதமும். வேறுபாடு இல்லை என்றே பொருள். அதன் பிறகு மருந்துகள் மேம்பட்டுள்ளன. ஆனாலும் மாற்றம் இருப்பது வேறு, அந்த மாற்றம்தான் நோயை ஓட்டிச்செல்கிறது என்பது வேறு.

அப்படியானால் இந்தச் சோதனை வீணா? இல்லை. சில நோய்களில் இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும். பித்தநாளப் புற்றுநோயில், அதிலும் கல்லீரலுக்குள் தோன்றும் வகையில், எஃப்.ஜி.எஃப்.ஆர்.2, ஐ.டி.எச்.1 ஆகிய மாற்றங்கள் ஒவ்வொன்றும் பத்தில் ஒருவருக்குக் குறையாமல் இருக்கின்றன, இரண்டுக்கும் மாத்திரைகள் உள்ளன. எங்கே தோன்றியது என்றே தெரியாத புற்றுநோய், சார்கோமா எனப்படும் தசை, எலும்புப் புற்றுநோய்களில் அரிய வகை, வழக்கமான மருந்தெல்லாம் தீர்ந்தும் நோயாளி திடமாக நடமாடும் நிலை ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும். என்.டி.ஆர்.கே. என்ற இணைப்பு மாற்றம் பொதுவான கட்டிகளில் நூற்றில் ஒருவருக்குக்கூட இருப்பதில்லை. இருந்துவிட்டால், 2018இல் வந்த லாரோட்ரெக்டினிப் முதல் 55 நோயாளிகளில் நான்கில் மூவருக்குக் கட்டியைச் சுருக்கியது. லாட்டரி என்று சொல்லத் தோன்றும். ஆனால் எந்த நோயில் பரிசு விழும் வாய்ப்பு கூடுதல் என்று இந்த லாட்டரியில் முன்னரே ஓரளவு தெரியும்.

இந்த வழியின் மறைசெலவு சோதனைக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அறிக்கை சுட்டும் மருந்து இந்நாட்டில் பதிவாகாததாக இருக்கலாம். அப்போது டாக்டர், 1965ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் பிரிவு 21இன் கீழ், அந்த ஒரு நோயாளியின் பெயரில் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையமான சாப்ராவிடம் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கிடைக்கக்கூடும், பணம் யார் தருவது என்பதற்கு அந்தத் தாள் விடை தராது. மெடிக்கல் எய்டு பெரும்பாலும் மறுக்கும். ஆகவே சோதனைக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே, இன்ன மாற்றம் வந்தால் இன்ன மருந்து, அது இங்கே கிடைக்குமா, மாதம் எவ்வளவு என்று டாக்டரிடம் எழுதி வாங்கிவிடுவது நல்லது.

இன்னொன்றும் உண்டு. மரபணுத் தரவுத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரின் தகவலே மிகுதி. நம்மைப் போன்ற இந்திய வம்சாவளியினரின் அறிக்கைகளில் ‘பொருள் தெரியாத மாற்றம்’ என்ற வரி கூடுதலாக வருவதற்கு அதுவே காரணம். அந்த வரியைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அதை வைத்து மருந்து தேடவும் வேண்டாம். பிளாக்கில் திசு குறைவு என்றால் இரத்தத்தில் மிதக்கும் கட்டியின் மரபணுத் துணுக்குகளைப் படிக்கும் சோதனையும் இருக்கிறது. அதில் ஒன்றும் அகப்படாதபோது, மாற்றம் இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது.

## மூன்றாவது வழி: மருந்தாய்வில் சேர்வது

எங்களைச் சோதனை எலியாக்குகிறார்களா என்று கேட்பவர்களும், எப்படியாவது ஆய்வில் இடம் வாங்கித் தாருங்கள் என்று கெஞ்சுபவர்களும் ஒரே குடும்பத்தில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இருவருமே பாதிதான் சரி.

முதற்கட்ட ஆய்வின் நோக்கம், மருந்தின் எந்த அளவை உடம்பு தாங்கும் என்று கண்டறிவது. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2000 முதல் 2019 வரை நடத்திய முதற்கட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கட்டி கணிசமாகச் சுருங்கியவர்கள் ஏறத்தாழ 12 விழுக்காடு. பிற்பகுதி ஆண்டுகளில் அது 18 விழுக்காடாக உயர்ந்திருந்தது. மருந்தினாலேயே இறந்தவர்கள் 0.7 விழுக்காடு. எலி என்று சொல்லும் அளவுக்கு மோசமில்லை, மீட்பு என்று சொல்லும் அளவுக்குப் பெரிதும் இல்லை.

தடுப்பூசி ஆய்வுகளைப் பற்றித்தான் இப்போது அதிகம் கேட்கிறார்கள். கணையக் கட்டியை அறுவை செய்து எடுத்த 16 பேருக்கு, அவரவர் கட்டியின் மாற்றங்களைப் படித்து எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி செய்து போட்ட முடிவு 2023இல் வெளியானது. எட்டுப் பேரின் உடம்பு தடுப்பூசிக்கு விழித்துக்கொண்டது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் கண்காணிப்பில் அந்த எட்டுப் பேருக்கும் நோய் திரும்பவில்லை, மற்ற எட்டுப் பேருக்கு இடைநிலையாக 13.4 மாதத்தில் திரும்பியது. மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் 157 பேரிடம் நடந்த ஆய்வில், பெம்ப்ரோலிசுமாபோடு தடுப்பூசியும் பெற்றவர்களுக்கு நோய் திரும்புவதோ இறப்பதோ 44 விழுக்காடு குறைந்தது. நம்பிக்கை தரும் எண்கள்தாம். ஆனால் 16 என்பது ஒரு வேனில் ஏற்றிவிடக்கூடிய கூட்டம். விழித்துக்கொண்ட உடம்பே இயல்பில் வலிமையான உடம்பாக இருந்திருக்கலாம் என்ற ஐயமும் இருக்கிறது. அதைவிட முக்கியமானது, இந்த இரு ஆய்வுகளுமே கட்டியை அறுத்து எடுத்துவிட்டவர்களிடம் நடந்தவை. கல்லீரல் வரை பரவிய நிலையில் இருப்பவர்களுக்கு இந்த முடிவுகளைப் பொருத்திப் பார்க்க முடியாது.

தென்னாப்பிரிக்காவில் மருந்தாய்வு நடத்தச் சாப்ராவின் அனுமதியும் நெறிக்குழுவின் அனுமதியும் வேண்டும். தேசிய மருந்தாய்வுப் பதிவேட்டில் அது இருக்கிறதா என்று யாரும் தேடிப் பார்க்கலாம். ஆய்வு மருந்துக்கு நோயாளி பணம் கட்டுவதில்லை. போக்குவரத்துக்கும் நேரத்துக்கும் ஈடு தருவதும் வழக்கம். ஆய்வு என்று சொல்லிக்கொண்டு பணம் கேட்கும் இடம் ஆய்வு அல்ல, கடை. உங்கள் அணுக்களிலிருந்தே தடுப்பூசி என்று இணையத்தில் கூவி விற்கும் கிளினிக்குகளை இந்த ஒரே வரியால் கழித்துவிடலாம்.

மறைசெலவு இங்கே பணமாக வருவதில்லை. ஆய்வு ஜோகன்னஸ்பர்கில் நடந்தால் டர்பனிலிருந்து ஏறத்தாழ 570 கிலோமீட்டர்; மூன்று வாரத்துக்கு ஒருமுறை, உடன் ஓர் ஆளோடு. புதிதாக பயாப்ஸி எடுக்கச் சொல்லலாம். பழைய மருந்து உடம்பிலிருந்து கழிய வேண்டும் என்று சில வாரங்கள் சும்மா இருக்கச் சொல்லலாம். இரத்த எண்ணிக்கையோ ஈரல் சோதனையின் எண்ணோ வரம்பிலிருந்து ஒரு புள்ளி விலகினாலும் வாசலில் நிறுத்திவிடுவார்கள். ஆகவே ஆய்வில் சேர நினைப்பவர்கள், எல்லா மருந்தும் தோற்ற பிறகு அல்லாமல், உடம்பு திடமாக இருக்கும்போதே அதைப் பற்றிக் கேட்டுவைக்க வேண்டும்.

## நான்காவது வழி: இந்தியாவுக்குப் போவது

1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி., மும்பை டாடா நினைவு மருத்துவமனை என்ற பெயர்கள் நம் வீடுகளில் தாத்தா காலத்திலிருந்தே புழங்குபவை. வீட்டில் இன்னும் தமிழ் பேசும் ஆயா ஒருவருக்குச் சென்னையில் செவிலியரிடம் வலியைத் தன் மொழியிலேயே சொல்ல முடிவது சிறிய ஆறுதல் அல்ல. ஆனால் அதே கீமோவை அதே அளவில் அங்கே வாங்குவதற்காகப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. இங்கே கிடைக்காத ஒன்று அங்கே இருக்கிறதா என்பதே கேள்வி.

சாட்ஸ்வொர்த் இளைஞருக்கு அப்படி ஒன்று இருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்தியா அனுமதி தந்தது. நோயாளியின் இரத்தத்திலிருந்து, நோயை எதிர்க்கும் டி அணுக்களைப் பிரித்தெடுத்து, பி வகைப் புற்றணுக்களின் மேல் உள்ள சி.டி.19 என்ற அடையாளத்தைத் தாக்குமாறு மாற்றி, பெருக்கி, மறுபடி அவருக்கே ஏற்றுகிறார்கள். 2025இல் வெளியான முடிவில் 73 விழுக்காட்டினருக்குப் பலன் தெரிந்தது. 2017இல் அமெரிக்காவில் வந்த முதல் கார்-டியின் அப்போதைய விலை 4,75,000 டாலர். இந்தியாவில் இது ஏறத்தாழ 40 லட்சம் ரூபாய், நம் கணக்கில் ஏறத்தாழ எட்டு லட்சம் ராண்டு. பத்தில் ஒரு பங்குதான் என்றாலும், சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டின் மேல் கடன் வாங்கினால் வரும் தொகை அது.

கேட்க வேண்டியவை பல. லிம்ஃபோமா பி வகையா, சி.டி.19 அடையாளம் இன்னும் இருக்கிறதா என்று இங்கேயே சாயச் சோதனையில் தெரிந்துகொள்ளலாம். அது இல்லாமல் விமான டிக்கெட் எடுக்கக் கூடாது. அணுக்களை எடுத்துத் தயாரிக்கச் சில வாரங்கள், ஏற்றிய பிறகு மருத்துவமனை அருகிலேயே ஏறத்தாழ நான்கு வாரங்கள். உடம்பின் எதிர்ப்பாற்றல் கட்டுமீறிக் கொதிக்கும் நிலை வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவு. இடைப்பட்ட வாரங்களில் நோயை அடக்கிவைக்க வேறு கீமோ. ஆக இரண்டு பேர் இரண்டு மூன்று மாதம் மும்பையில் வாடகை கொடுத்து இருக்க வேண்டும். பெரும்பாலான மெடிக்கல் எய்டு திட்டங்கள் நாட்டு எல்லைக்கு வெளியே செய்யும் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. திரும்பி வந்த பிறகு இரத்தத்தையும் தொற்றையும் கண்காணிக்க டர்பனில் ஒரு டாக்டர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். போன இடத்தில் உயிர் போனால் உடலைக் கொண்டுவரும் செலவையும் யாராவது ஒருவர் வாய்விட்டுப் பேசியாக வேண்டும். வீட்டில் அதைப் பேச மாட்டார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கட்டிகளுக்கு, அதாவது கணையம், நுரையீரல், குடல் போன்றவற்றுக்கு, இந்த நெக்ஸ்கார்19 சிகிச்சை பயன்படாது. அவர்களுக்கு இந்தியா என்றால், ஆளை அனுப்புவதற்கு முன் சில்லுகளையும் ஸ்கேன் படங்களையும் அனுப்பி இரண்டாம் கருத்துக் கேட்பதே சிக்கனம். பாதிப் பயணங்கள் அதிலேயே தேவையற்றுப் போகும்.

## ஒரே பார்வையில்

| வழி | விடைக்கான காலம் | திசுத் தேவை | வெளியே தெரியாத செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| இங்கே, குறிப்பிட்ட சோதனைகளுடன் | நாட்கள் முதல் இரண்டு வாரம் | குறைவு | பி.எம்.பி. மறுப்பு, அரசு வரிசை | நுரையீரல், குடல், மார்பகம். முதல் சிகிச்சை தொடங்காத எல்லாரும் |
| பெரிய மரபணுச் சோதனை | பல வாரங்கள் | அதிகம் | மருந்து பதிவாகாமை, பிரிவு 21, மாத விலை | பித்தநாளம், அரிய வகை, மூலம் தெரியாத புற்றுநோய் |
| மருந்தாய்வு | ஆய்வைப் பொறுத்தது | புதிய பயாப்ஸி வேண்டலாம் | பயணம், காத்திருப்பு, வாசலில் நிராகரிப்பு | திடமான உடம்பு, அருகில் வசிப்பவர் |
| இந்தியா | மாதங்கள் | சில்லும் பிளாக்கும் கூடவே போக வேண்டும் | இருவர் தங்கல், திரும்பிய பின் கண்காணிப்பு | திரும்பிய பி வகை லிம்ஃபோமா, லுகீமியா |

## ஃபீனிக்ஸ் கடிதத்துக்கு

கடைசியாக அந்த 71 வயது அம்மாள். மகள் கேட்டிருந்தது பெரிய மரபணுச் சோதனையா, சென்னையா என்று. ஊசியில் எடுத்த அந்த நூல் துணுக்கில் பெரிய சோதனைக்குத் திசு போதுமா என்பதே ஐயம். கணையப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது பேருக்கு கே-ராஸ் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். இப்போது மருந்துள்ள ஜி12சி வகை அவர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேரிடம்தான். சென்னையில் கிடைப்பதும் இதே கீமோதான். ஆகவே இரண்டையும் தள்ளிவைத்து, பிறவி மரபணுச் சோதனை ஒன்றை, குறிப்பாக மார்பகப் புற்றுநோயோடும் தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களுக்கு, முதலில் கேட்கச் சொன்னேன். கணையப் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பேருக்கு அந்த மாற்றம் உண்டு. இருந்தால் பிளாட்டினம் சேர்ந்த கீமோவை டாக்டர் தேர்ந்தெடுக்கக் காரணம் கிடைக்கும். பிறகு கொடுக்கும் ஓலபாரிப் மாத்திரை, 2019இல் வெளியான ஆய்வில், நோய் முற்றும் காலத்தை 3.8 மாதத்திலிருந்து 7.4 மாதமாகத் தள்ளிப்போட்டது. ஆயுளை நீட்டவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினேன்.

தாயாருக்கு மாற்றம் இருந்தால் அது மகளுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகளுக்கு வயது 44, மார்பகச் சோதனையை எப்போது தொடங்குவது என்பது அதோடு சேர்ந்து முடிவாகும். இந்தச் சோதனைக்குப் பிளாக்கைத் தொடவே தேவையில்லை. அம்மா ஏற்கெனவே சரியாகச் சாப்பிடுவதில்லை, சோதனைக்காக இன்னொரு வேளை பட்டினி போட வேண்டுமா என்று மகள் திருப்பிக் கேட்டார். வேண்டாம், காலையில் கஞ்சி குடித்துவிட்டே போகலாம், ஊதா மூடி போட்ட குழாயில் சில மில்லி இரத்தம் எடுப்பார்கள் என்று எழுதியிருக்கிறேன்.